மாதாமாதம் புதிதாகும் உள்சுவர்

முதலில் மன்னிப்பு. என் எழுத்து கோட்டில் நிற்காது, சரிந்து சரிந்து ஓடும். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சம்பளக் கையெழுத்தும், கல்யாண மண்டபத்து வாசல் பலகையில் சாக்பீஸால் மணமக்கள் பெயரும்தான். அதில் பிழை இருந்தால் கல்யாண வீட்டார் யாராவது துடைத்துவிட்டுச் சரியாக எழுதிவிடுவார். இந்தக் காகிதத்தை அப்படித் துடைத்து எழுத ஆள் இல்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கூச்சமும் எனக்குப் பிறவியிலேயே உண்டு. நாலு பெண்கள் நின்று பேசுகிற இடத்தைத் தாண்ட வேண்டுமென்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவேன். அப்படிப்பட்டவன் கர்ப்பப்பையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கருவை ஏற்றுக்கொள்ள அது தன்னை எப்படி மாற்றிக்கொள்கிறது என்று ஒரு டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னார். அது தெரியாமல் எங்கள் வீட்டில் பட்ட பாட்டை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்கு வேலை. ஜமுக்காளம் விரிப்பது, நாற்காலி போடுவது, முகூர்த்தம் முடிந்ததும் கழுவிவிடுவது. கல்யாண வீட்டார் கடைக்கு அனுப்பினாலும் போக வேண்டும். கற்பூரம், குண்டூசி, சோடா என்று சொல்வார்கள். அவற்றோடு ஒரு மாத்திரையும் அடிக்கடி உண்டு. பெண்ணுக்கு முகூர்த்த நாளில் மாதவிலக்கு வந்துவிடும் போலிருந்தால் அதைத் தள்ளிப்போடும் மாத்திரை. முன்னாலேயே ஆரம்பித்திருப்பார்கள், அவசரத்தில் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்கள். ஒரு மாமி என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு, “ஏம்ப்பா, இந்த மாத்திரைய வாங்கிண்டு வந்துடு. கையில வெச்சு ஆட்டிண்டு வராதே. பொட்லமா கட்டிக் குடுக்கச் சொல்லு” என்பார்.

மெடிக்கல் ஷாப்காரருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. “இன்னா நைனா, நாளைக்கு முகூர்த்தமா?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார். நான் குனிந்தபடி வாங்கிக்கொண்டு வருவேன்.

எங்கள் கல்யாணத்துக்கும் அந்த மாத்திரை வந்திருக்கிறது. பத்திரிகை அடித்த பிறகுதான் நாள் இடிக்கிறது என்று தெரிந்ததாம். வாங்கிக் கொடுத்தது என் அண்ணி. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

மந்தைவெளியில் ஒரே குடித்தனத்தில் அண்ணன் குடும்பமும் நாங்களும் இருந்தோம். பக்கத்துப் பக்கத்து அறை, பொதுவில் ஒரு சமையலறை. என் மனைவி தி. நகர் புடவைக் கடை ஒன்றுக்காக வீட்டிலிருந்தே ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். அண்ணி வாய்க்காரி. மனதில் வருவது வாயில் வந்த பிறகுதான் அது என்னவென்று அவளுக்கே தெரியும். ஆனால் என் மனைவிக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளும் அவள்தான்.

எங்களுக்கு முதல் கரு இரண்டாம் மாதத்திலேயே கலைந்தது. அடுத்த வருஷம் உண்டானதும் அப்படியே போனது. அதற்குப் பிறகு ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அண்ணி பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசியதை நான் கேட்டேன்.

“கல்யாணத்துக்கு மாத்திர துன்னா இல்ல, அதான் வயிறு காஞ்சி பூட்டுது. வாங்கிக் குடுத்தவ நானு. அந்தப் பாவம் வேற எங்க போவும், என் தலையிலதான் வந்து வுழும்.”

உள்ளே புடவையும் ஊசியுமாக உட்கார்ந்திருந்த என் மனைவிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் நான் என்ன கேட்பது?

மூன்றாவதற்கு முன்பாக, யாரோ சொல்லி, தி. நகரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மாடியில் ஆஸ்பத்திரி. மேலே பெஞ்சு முழுக்கப் பெண்கள். நான் ஒரு தடவைகூடப் படி ஏறியதில்லை. கீழே ஜூஸ் கடை ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பரிசோதனையெல்லாம் முடித்து டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதத்தின் பின்பாதியில் போட வேண்டும், நாள் தள்ளிப்போனால் நிறுத்தாமல் போட்டுக்கொண்டே வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வழக்கமான மெடிக்கல் ஷாப்பிலேயே சீட்டை நீட்டினேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தார். “இதுவும் அந்த ஜாதிதான் நைனா. எந்த வூட்டுப் பொண்ணுக்கு?” என் மனைவிக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அவர் கேட்டதைச் சிரிப்பாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதமே நாள் தள்ளிப்போனது. சிறுநீரைப் பார்த்து, உண்டாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், காலையில் நான் மண்டபத்துக்குக் கிளம்பும்போது மனைவி கதவோரம் நின்று கூப்பிட்டாள்.

“ஏங்க. லேசா பட்டிருக்கு.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். “மாத்திர போட்டியா?”

“இல்ல. மூணு நாளா போடல.”

சமையலறையிலிருந்து அண்ணி கரண்டியோடு வந்தாள். “நான்தான் போடாதேன்னு சொன்னேன். இன்னா இப்போ? தூரத்த நிறுத்தற மாத்திரய புள்ள உண்டாயிருக்க சொல்லோ எவளாச்சும் துன்னுவாளா? ஏற்கெனவே ரெண்டு பூட்டுது. டாக்டருக்கு இன்னா வந்துது? வயிறு நம்ம வூட்டுது.”

“அக்கா சொன்னதுக்காக மட்டும் இல்ல” என்றாள் மனைவி. “எனக்கே பயமா கீது. ஒரு தடவ துன்னதுக்கே இப்டி ஆச்சு. மறுபடியும் அதேன்னா?”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. விலக்கை நிறுத்துவதற்கென்று நானே எத்தனை பெண்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்? அதே ஜாதி மாத்திரை பிள்ளை தங்குவதற்கு எப்படி உதவும்? அண்ணியின் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆட்டோ கூப்பிட்டு வந்தேன். மனைவியை ஏற்றியதும் கூப்பிடாமலே அண்ணியும் ஏறிக்கொண்டாள். “திட்டினா என்னத் திட்டட்டும். இவ இன்னா பண்ணுவா, பாவம்.” ஆழ்வார்பேட்டை தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும், “பாத்து ஓட்டு நைனா, உள்ள புள்ளத்தாச்சி கீது” என்று டிரைவரை அதட்டிக்கொண்டே வந்தாள்.

ரத்தம் பட்டிருக்கிறது என்றதும் உடனே உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வழக்கம்போல ஜூஸ் கடைப் பக்கம் நின்றேன். நர்ஸ் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “வீட்டுக்காரர் யாரு? மேல வாங்க” என்றாள். ஏறினேன். பெஞ்சில் இருந்த பெண்கள் முகங்களை நான் பார்க்கவில்லை. தரையில் சிவப்பு சிமெண்டு போட்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஸ்கேன் எடுத்து முடித்திருந்தார்கள். கரு இருக்கும் சின்னப் பை சரியான இடத்தில்தான் தெரிகிறது, நெஞ்சுத் துடிப்பு தெரிவதற்கு இன்னும் நாளாகும் என்றார் டாக்டரம்மா. பிறகு, “மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?” என்று கேட்டார். என் மனைவி முந்தானை நுனியைப் பார்த்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த அண்ணி மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்தாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

நான்தான் சொன்னேன். “மூணு நாள் போடலீங்கம்மா. விலக்க நிறுத்தற மாத்திர, கொழந்த தங்க எப்படி உதவும்னு புரியல. பயந்துட்டாங்க. எனக்கும் புரியலீங்க.”

அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முகம் சிவந்தது உண்மை. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார். அண்ணியிடம் கேட்டார்: “மாதவிலக்குன்னா என்னன்னு நினைக்கறீங்க?”

“கெட்ட ரத்தம் பூடுது.”

“கெட்ட ரத்தம்னு ஒண்ணும் கிடையாதும்மா” என்று சொல்லி, ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் ஒரு பேரிக்காய் மாதிரிப் படம் போட்டார்.

அவர் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். கர்ப்பப்பைக்கு உள்பக்கம் மெத்தென்று ஒரு சுவர் இருக்கிறது. விலக்கு முடிந்ததும் அது மெல்லியதாக இருக்கும். பிறகு சினைப்பையிலிருந்து வரும் ஒரு ஹார்மோனால் தடித்து வளரும். சினைப்பையில் முட்டை வெடித்து வெளியே வந்ததும், அது இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு சின்னத் திட்டு உண்டாகும். அந்தத் திட்டு இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும். அது வந்து சேர்ந்தவுடன் சுவர் வளர்வதை நிறுத்திவிட்டு வேறு வேலையில் இறங்கும். அதிலுள்ள சுரப்பிகள் சத்தான நீரை ஊறவைக்கும். ரத்தக் குழாய்கள் சுருள் சுருளாக நீளும். ஒல்லியாக இருந்த அணுக்கள் உருண்டு, சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு கொழுக்கும்.

“இத்தனையும் கரு வர்றதுக்கு முன்னாலயே தொடங்கிடும்” என்றார். “வருமா வராதான்னு அதுக்குத் தெரியாது. எலி மாதிரி நிறைய பிராணிகளுக்குக் கரு வந்து தொட்ட பிறகுதான் இந்த மாற்றம். மனுஷிக்கு அப்படி இல்ல. மாசா மாசம், யாரும் கேக்காமலே.”

“எலிக்குக்கூடவா டாக்டரம்மா பாத்தீங்க?” என்றாள் அண்ணி. டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கரு குழாயில் உண்டாகி, சில நாள் உருண்டு வந்துதான் கர்ப்பப்பைக்குள் விழுமாம். அப்போது அது ஒரு புள்ளி. எந்த நாளில் வந்தாலும் சுவர் அதை ஏற்பதில்லை. மாதத்தில் சில நாள்தான் அதன் மேல்பரப்பு ஒட்டிக்கொள்ளும் பதத்தில் இருக்கும். முந்தி வந்தாலும் ஒட்டாது, பிந்தி வந்தாலும் ஒட்டாது. பதமான நாளில் வந்த கரு சுவரில் ஒட்டி, மெல்ல உள்ளே புதையும். புதைந்த இடத்தைச் சுவர் மேலே மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் கொழுத்த அணுக்கள்தான் கருவுக்குச் சோறு. வேற்று உடம்பு என்று தாயின் உடம்பு அதை விரட்டாமல் பார்த்துக்கொள்வதும், கரு அளவுக்கு மீறித் தோண்டிக்கொண்டு போகாமல் தடுப்பதும் அந்தச் சுவர்தான்.

கருவும் சும்மா இருக்காது. தான் வந்துவிட்டதாக ரத்தத்தின் வழியே அந்த மஞ்சள் திட்டுக்குச் சொல்லி அனுப்பும். திட்டு வாடாமல் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். கரு வராத மாதத்தில் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. திட்டு வாடும், ஹார்மோன் இறங்கும், சுவர் பிடிப்பு விட்டு உதிரும். அதுதான் விலக்கு.

“இப்ப சொல்லுங்க” என்று என்னைப் பார்த்தார். “திட்டு சுரக்கற ஹார்மோன் மாதிரிதான் அந்த மாத்திரையும். அது விலக்கை எப்படி நிறுத்துது?”

நான் யோசித்துச் சொன்னேன். “செவுரு உதிராம புடிச்சிக்கிது.”

“கரு தங்க எது வேணும்?”

“செவுரு உதிராம இருக்கணும்.”

“அவ்வளவுதான். ஆனா கல்யாணத்துக்குப் போடற மாத்திரை வேற, இது வேற. ரெண்டும் ஒரே வம்சம். அதை இப்ப தொடவே கூடாது, இதைப் போடலாம். ஒரு வீட்டுல பொறந்தவங்கன்னா எல்லாரும் ஒரே குணமா இருப்பாங்களா?”

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மாத்திரையை விட்டதால்தான் ரத்தம் பட்டது என்று தன்னால் சொல்ல முடியாது, போட்டால் நிச்சயம் தங்கும் என்றும் சொல்ல முடியாது என்றார். “இவ்வளவு சீக்கிரத்துல கலையறது பெரும்பாலும் கரு உண்டாகும்போதே இருக்கற கோளாறு. யாரும் செஞ்சது இல்ல.”

அதற்குப் பிறகுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். “டாக்டர், கல்யாணத்தப்போ நான் அந்த மாத்திர போட்டேன். அதனால உள்ள எதுனா கெட்டுப் பூட்டுதா?”

“கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?”

“நாலு.”

“நீ அந்த மாத்திரைய நிறுத்தினதுமே அன்னிக்கு இருந்த சுவர் உதிர்ந்து போயாச்சும்மா. அடியில வேர் மாதிரி ஒரு அடுக்கு மட்டும் இருக்கும். அதுலேர்ந்து புதுசா வளரும். அந்த வேரை அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது. நாலு வருஷத்துல எத்தனை தடவை வளர்ந்து, உதிர்ந்து, திரும்ப வளர்ந்திருக்கும்? இப்ப உன் குழந்தை இருக்கற சுவர் இந்த மாசம் வந்தது. பழசு எதுவும் அங்க இல்ல.”

என் மனைவி அந்த உறையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணிதான் கேட்டாள்: “அப்ப நான் வாங்கிக் குடுத்தது...?”

“அதனால ஒண்ணும் இல்லம்மா.”

அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். “இத எவனாச்சும் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா இன்னா?”

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தோம். படுத்தே கிடக்க வேண்டியதில்லை, பளு தூக்காமல் இருந்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. கட்டடம் கட்டுகிற இடத்தில் கேட்டுச் செங்கல் கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் முட்டுக் கொடுத்துவிட்டாள். கால் உயரத்தில் இருந்தால் கரு கீழே இறங்காதாம்.

“அக்கா, தல கீழ போவுது. ரத்தமெல்லாம் மூஞ்சிக்கு வருது.”

“வரட்டும், செவப்பா அழகா இருப்ப. கம்முனு படு.”

“அதான் செவுரு மூடிக்கும்னு சொன்னாங்களே, அப்புறம் எங்க வுழப் போவுது?”

“அவங்க சொன்னது அவங்க வேல. செங்கல்லு என் வேல.”

இரண்டு நாளில் ரத்தம் படுவது நின்றது. ஆனாலும் அடுத்த ஸ்கேன் வரை ஒன்றும் நிச்சயம் இல்லை. மண்டபத்தில் வேலை செய்யும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் கண்ணுக்குள் நின்றது. எங்கள் மண்டபத்தில் அட்வான்ஸ் வாங்காமல் ஜமுக்காளத்தை உதறக்கூட மாட்டோம். யார் வருகிறார்கள் என்று தெரியாமல், வருவார்களா என்றும் தெரியாமல், ஒரு உடம்பு இத்தனை ஏற்பாடு செய்கிறது. வராவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அதைத்தான் நாங்கள் தீட்டு என்று மூலையில் உட்காரவைத்திருந்தோம். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். பந்தல்காரரிடம் சொல்ல முடியுமா? சொல்லவில்லை.

அடுத்த ஸ்கேனுக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். திரையில் எல்லாம் மழைநாள் வானம் மாதிரி இருந்தது. டாக்டரம்மா விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அரிசி அளவில் ஒன்று சிமிட்டிச் சிமிட்டித் துடித்தது. வெளியிலிருந்து அண்ணி, “இருக்குதா? இருக்குதா?” என்று கேட்டது பெஞ்சு முழுக்கக் கேட்டிருக்கும். “இருக்குது அண்ணி” என்று நான் சத்தமாகச் சொன்னேன். என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னார். இனி நஞ்சுக்கொடியே அந்த ஹார்மோனைச் சுரந்துகொள்ளும், மஞ்சள் திட்டின் வேலையும் முடிந்தது, மாத்திரையின் வேலையும் முடிந்தது என்றார். என் மனைவி எழுந்திருக்கவில்லை.

“இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கறேனே, டாக்டர்?”

“அன்னிக்குப் போட மாட்டேன்னே. இன்னிக்கு விட மாட்டேங்கறே. எழுந்து போம்மா, நல்லா சாப்பிடு.”

அன்று அண்ணி வரவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பனகல் பூங்காவில் போய் உட்கார்ந்தோம். சாயங்காலக் கூட்டம். பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம் வாங்கிய துணிகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், என் மனைவி அழுகிறாள். தோள் குலுங்கி, மூக்கு ஒழுகி, சின்னப் பெண் மாதிரி.

“இன்னா ஆச்சு? வலிக்குதா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அந்த ரெண்டுத்துக்கும்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“நானே கெடுத்துக்கினேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கெடுத்தவ எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அழுவறது? அதான் அழுவல.”

உண்மைதான். இரண்டு தடவையும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே புடவையை மடியில் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். மனதைத் தேற்றிக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பக்கத்து பெஞ்சுக்காரர்கள் துணியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போதும், கண்ணைத் துடை என்று நான் சொல்லவில்லை. அழ வேண்டியதை அவள் இத்தனை நாள் தள்ளிப் போட்டிருக்கிறாள். ஒரு பஸ் போனது, அடுத்ததும் போனது. அந்த இரண்டும் எந்த மாதத்தில் பிறந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். நானும் அப்போதுதான் அவற்றுக்காக அழுதேன்.

பெண் குழந்தை பிறந்தது. இப்போது ஒன்றாம் வகுப்பு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து, இந்த எழுத்து தப்பு என்று இரண்டு இடத்தில் காட்டிவிட்டுப் போனாள். திருத்திவிட்டேன். மற்ற தப்புகள் அப்படியே இருக்கின்றன.

1999, ஆவணி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.